மேக்கணக்குக்குப் பிடிக்காத மருந்து

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்த விசாரணையில் நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு அதுதான் பதில். ஒன்பது தோட்டத்து மருந்துக் கொப்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதும் வேலை என்னிடம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். கையெழுத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

பெயர் லோரன்ஸ். இந்த பிராம்லி தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடமாக மருந்து கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர். தோட்டத்து ஜனங்கள் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை, பிறகு விட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொள்ளலாமா? மன்னிக்கவும், சாத்தித்தான் இருக்கிறது. வெளியே இருப்பவர்கள் ஒரு சத்தமும் போடுவதில்லை. கொழுந்தெடுக்கப் போகாமல் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்று நாளாக நான் இந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எழுபத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ரணவீர எங்கள் ஒன்பது டிஸ்பென்சர்களையும் கூப்பிட்டு, வயிற்றுப்போக்குக்குப் புதிதாக வந்திருக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு வருடம் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். ஒற்றைப்படைத் தேதியில் வரும் பிள்ளைக்குப் பொட்டலம். இரட்டைப்படைத் தேதியில் வரும் பிள்ளைக்கு வழக்கமான சுண்ணாம்பு மருந்து, ஜனங்கள் வெள்ளைத் தண்ணி என்பார்களே, அது. பிழைத்ததா இறந்ததா என்று கொப்பியில் எழுதவேண்டும். வருட முடிவில் ஒன்பது கொப்பிகளையும் சேர்த்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஒரு தோட்டத்துக் கொப்பியில் பத்துச் சாவு கூடினாலும் குறைந்தாலும் அதிலிருந்து ஒன்றும் தெரியாது, ஒன்பதையும் சேர்த்தால்தான் உண்மை தெரியும் என்றார் டாக்டர். எனக்கு அது சரியென்றே பட்டது.

சேர்த்தேன். முன்னூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் வெள்ளைத் தண்ணி குடித்தார்கள். இருபத்தொன்பது பேர் இறந்தார்கள். முன்னூற்றிருபத்திரண்டு பிள்ளைகள் பொட்டலம் குடித்தார்கள்; ஒன்பது பேர் இறந்தார்கள். இதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை. பொட்டலம் நல்ல மருந்து. அதை எந்த இடத்திலும் நான் மறுத்ததில்லை, தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த முடிவைக் கண்டுபிடித்தது நான் இல்லையே. கூட்டத் தெரிந்த எவரும் அதைச் சொல்லியிருப்பார்கள். டாக்டர் முன்கூட்டியே எதிர்பார்த்ததும் அதுதான். கொப்பிகள் என் மேசையில் இருந்தன, மழைக்காலம், சாயங்காலம் ஆனால் வேறு வேலையும் இல்லை. பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். ஆண், பெண் என்று பிரித்தேன். வயதைக் கொண்டு பிரித்தேன். தோட்டம் தோட்டமாக, மாதம் மாதமாக, மூத்த பிள்ளை இளைய பிள்ளை என்று, கோயிலுக்குப் போகும் வீடு, தேவாலயத்துக்குப் போகும் வீடு என்று எல்லாம் பிரித்தேன். எங்கே பிரித்தாலும் பொட்டலம்தான் ஜெயித்தது. செவ்வாய்க்கிழமை பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் பொட்டலம் கெடுதல் என்று வந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். நான் ஒன்றும் மூளையில்லாதவன் அல்ல.

கடைசியாக மேக்கணக்கு, கீக்கணக்கு என்று பிரித்தேன். ஒவ்வொரு தோட்டத்திலும் மலை உச்சிப் பக்கம் இருக்கும் பிரிவு மேக்கணக்கு, ஃபேக்டரிப் பக்கம் இருப்பது கீக்கணக்கு. கீக்கணக்கில் வெள்ளைத் தண்ணிக்கு இருபத்தைந்து சாவு, பொட்டலத்துக்கு ஐந்து. மேக்கணக்கில் இரண்டுக்கும் நான்கு நான்கு. வெள்ளைத் தண்ணி குடித்த முப்பத்தெட்டில் நான்கு, பொட்டலம் குடித்த நாற்பத்தொன்றில் நான்கு. மூன்று முறை சரிபார்த்தேன். மேக்கணக்குப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து வேலை செய்யவில்லை.

காரணமும் உடனே தோன்றியது. மேலே குளிர் அதிகம். குளிரில் குடல் சுருங்கிவிடுகிறது, உப்பை ஏற்பதில்லை. இதை ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். கீக்கணக்கில் இரண்டுக்கும் நான்கு நான்கு என்று வந்திருந்தால், பள்ளத்துப் புழுக்கத்தில் குடல் விரிந்துவிடுகிறது என்று எழுதியிருப்பேன் என்கிறார் டாக்டர் ரணவீர. இருக்கலாம்.

எண்பதாம் ஆண்டு மார்ச்சில் ஹட்டனில் கூட்டம். டாக்டர்கள், தோட்டங்களை நடத்தும் துரைமார், அரசாங்கக் கூட்டுத்தாபனத்து ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். முழு முடிவை டாக்டர் வாசித்தார், தலையாட்டினார்கள். மேக்கணக்கு அட்டவணையை நான் வாசித்தேன், கைதட்டினார்கள். என் அப்பா கொழுந்துச் சாக்குத் தூக்கியவர். தொழிலாளர் குடியிருக்கும் பத்துக்காம்பரா லயத்தில் பிறந்த ஒருவன் அந்த மண்டபத்தில் நின்று வாசிப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் நான் இருந்ததில்லை.

தேநீர் நேரத்தில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்தீர் என்று கேட்டார். பத்தொன்பது விதமாக என்றேன். கொப்பியைத் திறக்கும் முன்பே மேல், கீழ் என்று பிரிக்க நினைத்திருந்தீரா, பிரித்துக்கொண்டே போனதில் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அத்தனை விதமாகப் பிரித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே கோணலாக வரும், கொழுந்துக் கூடையில் பத்தொன்பது தரம் கைவிட்டால் ஒரு பிடி முற்றலாக வராதா என்றார். எட்டுச் சாவை வைத்து எதையும் சொல்ல முடியாது, அந்த எட்டும் எல்லாத் தோட்டத்திலிருந்தும் வரவில்லை, மூன்று தோட்டத்திலிருந்துதான் வந்திருக்கின்றன என்றார். சந்தேகம் இருந்தால் மேக்கணக்கை மட்டும் தனியாக இன்னொரு வருடம் சோதிப்போம், அதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடும் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்தில் இரண்டு டிஸ்பென்சர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு முகம் சுட்டது.

மே மாதம் டாக்டர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருநூறு பொட்டலம்தான் அனுப்புவோம் என்று கடிதம் வந்தது. இருப்பது குறைவாக இருக்கும்போது பயன்படும் இடத்தில்தானே கொடுக்கவேண்டும்? துரையிடம் அட்டவணையைக் காட்டினேன். அவர் கூட்டத்தில் கைதட்டியவர். பொட்டலம் கீக்கணக்குக்கு மட்டும், மேக்கணக்குக்கு வெள்ளைத் தண்ணி என்று ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வாசிக்கச் சொன்னார். பெரட்டுக்களத்தில் நின்று கங்காணி வாசித்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருத்தி மட்டும் வந்தாள். மேக்கணக்குப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயி. அவள் வந்ததை உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும், ஆகவே மறைக்கவில்லை. இதோ, இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"டாக்டரய்யா, அந்த உப்புப் பவுடரு எங்க புள்ளைகளுக்குக் கேக்காதுன்னு வாசிச்சாங்களே, அது சரியில்லீங்க."

"எழுதி வச்சிருக்கு ராக்காயி. நாலு புள்ள செத்துருக்கு."

"செத்துச்சுங்க. ஏன்னு கேக்கலியே நீங்க. ரெட்டப்பட நாள்ல வெள்ளத் தண்ணிதான் தருவீங்கன்னு எங்களுக்கெல்லாம் தெரியும். அது புள்ளைக்குக் கேக்காதுன்னும் தெரியும். கீக்கணக்குக்காரங்க நெனச்ச நேரத்துக்கு வருவாங்க, போவாங்க. நாங்க மூணு மைல் எறங்குனா அரைப்பேருதான் விழும். ஒரு தடவ எறங்குறது நல்ல மருந்து நாளுல எறங்குவோமேன்னு புள்ளைய வச்சிருந்து, ஒத்தப்பட நாளாப் பாத்துத்தான் தூக்கிட்டு வந்தோம். அதுக்குள்ள புள்ள வத்திப்போயிரும்ங்க."

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரியவில்லை என்று நான் சொல்வேன் என நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். அதை இழக்க முடியாமல், நல்ல மருந்து கொடுக்கும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பொட்டலம் குடித்த மேக்கணக்குப் பிள்ளைகள் ஒருநாள், ஒன்றரை நாள் தாமதமாக வந்த பிள்ளைகள். வெள்ளைத் தண்ணி குடித்தவர்கள், அம்மா விவரம் தெரியாமல் உடனே தூக்கி வந்த பிள்ளைகள். மருந்தை நம்பியதனால்தான் அந்த நான்கும் இறந்தன. குளிருக்கும் குடலுக்கும் அதில் ஒரு சம்பந்தமுமில்லை.

ராக்காயி போன பிறகு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அதற்குள் வேறு இரண்டு தோட்டத்து டிஸ்பென்சர்கள் பிரதி கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். துரை வருபவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதியது தப்பு என்று, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்காம்பரா ஆயா வந்து சொன்னாள் என்று அந்த மண்டபத்தில் போய் எப்படிச் சொல்வது? அவள் சொன்னது வாய்ச்சொல். கொப்பியில் அதற்குப் பத்தி இல்லை. பத்தி இல்லாத விஷயத்தை அட்டவணையில் எங்கே சேர்ப்பது? அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு அட்டவணையை மடித்து வைத்தேன்.

எண்பத்தொன்று ஜூன் மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எட்டாம் தேதி மண் சரிந்து மேக்கணக்குக்குப் போகும் வண்டிப்பாதை அடைபட்டுப்போனது. மேல் லயங்களில் எல்லாரும் குடிக்கும் பீலித் தண்ணீரில் அழுக்குக் கலந்தது. ஒரு வாரத்தில் முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் போக்கு. ஆட்கள் சரிவுக்கு மேலே கயிறு பிடித்து ஏறி இறங்கலாம், வண்டி போகாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மேலே இருந்தவர்கள் மேலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். நான் வெள்ளைத் தண்ணிப் போத்தல்களைக் கங்காணி கையில் தவறாமல் கொடுத்தனுப்பினேன். ஒருநாள்கூடத் தவறவில்லை.

பதினைந்தாம் தேதி மீனம்மா என்ற கொழுந்தெடுக்கும் பெண் இரண்டு வயது மகனைச் சேலையில் கட்டிக்கொண்டு சரிவைக் கடந்து இறங்கி வந்தாள். அலமாரியில் அன்றைக்கு நூற்று நாற்பத்தாறு பொட்டலம் இருந்தது. கீக்கணக்கில் அந்த மாதம் யாருக்கும் போக்கு இல்லை.

"ஐயா, கீக்கணக்குக்குக் குடுக்குற பவுடருல எம் புள்ளைக்கு ஒன்னே ஒன்னு குடுங்கய்யா."

"அது ஒங்க பக்கத்துப் புள்ளைகளுக்குப் புடிக்காதும்மா. எல்லாம் எழுதிப் பாத்துத்தான் சொல்றோம்."

"எம் புள்ளைய எழுதிப் பாத்தீங்களாய்யா?"

ஒன்று கொடுத்து, அந்தப் பிள்ளை பிழைத்தால், அடுத்த நாள் முப்பது அம்மாமார் சரிவைக் கடந்து வருவார்கள். முப்பதும் பிழைத்தால் மேக்கணக்கின் நான்குக்கு நான்கு என்னவாகும்? இதை அந்த இடத்திலேயே, பிள்ளையின் குழி விழுந்த கண்ணைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். பிறகு ஒரு போத்தல் வெள்ளைத் தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. போத்தலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பிள்ளை சரிவுக்கு இந்தப் பக்கமே இறந்துவிட்டதாக அப்புறம் சொன்னார்கள். பெயர் அழகன்.

மாத முடிவில் மேக்கணக்கில் ஒன்பது பிள்ளைகள் இறந்திருந்தார்கள். கொப்பியில் அந்த ஒன்பது பெயருக்கும் எதிரே பொட்டலம் கொடுக்கப்பட்டது என்று எழுதினேன். டாக்டர் ரணவீர திரும்பி வந்து அலமாரியைத் திறந்து பொட்டலங்களை எண்ணியதால்தான் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறோம். பொய் எழுதினேன் என்கிறார்கள். அப்படி இல்லை. அட்டவணைப்படி மேக்கணக்கில் பொட்டலம் கொடுத்தாலும் அவ்வளவு பேர் இறந்துதான் இருப்பார்கள். ஆகவே கொடுத்ததாக எழுதுவதால் முடிவு எந்த விதத்திலும் மாறவில்லை. டாக்டர் இன்னொரு வருடம் தனியாகச் சோதிக்கச் சொல்லியிருந்தார் அல்லவா? சோதனை முடிந்தது போலத்தான் எழுதினேன். பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது.

நீங்கள் கேட்டதெல்லாம் இத்தோடு முடிந்தது. இனி நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ராக்காயி சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். மூன்று நாளாக இந்த அறைக்குள் இருந்துகொண்டு, எப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. ஒரு பிள்ளை பிழைத்ததைக் குற்றமாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

என் மனைவி பெற்றீசியா மேக்கணக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வார நாட்களில் பிள்ளையோடு அங்கேயே டீச்சர் குவாட்டர்ஸில் தங்கிவிடுவாள். மகள் டோரீனுக்கு மூன்று வயது. ஜூன் பதினோராம் தேதி பெற்றீசியாவிடமிருந்து துண்டுச் சீட்டு வந்தது: பிள்ளைக்கு விடியற்காலையிலிருந்து போகிறது, கண் செருகுகிறது, வெள்ளை மருந்து கொண்டு வாருங்கள். அலமாரியைத் திறந்தேன். கை வெள்ளைத் தண்ணிப் பக்கம் போகவே இல்லை. ஆறு பொட்டலம் எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த இரண்டு நாளுக்கான போத்தல்களையும் கங்காணியிடம் கொடுத்துவிட்டு, கயிறு பிடித்துச் சரிவை ஏறினேன். என் வயதுக்கு அது சுலபமில்லை.

குவாட்டர்ஸுக்குப் போகும் பாதை பிள்ளைக்காம்பரா வாசல் வழியாகத்தான் போகிறது. உள்ளே பாயில் வரிசையாகப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். அழுகைச் சத்தம்கூட இல்லை. ராக்காயி என்னைக் கண்டதும் எழுந்து கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள். "வந்துட்டீங்களாய்யா," என்றாள். நான் வந்ததில் அவளுக்கு அவ்வளவு ஆறுதல். "வர்றேன் ராக்காயி, இப்ப வர்றேன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். பொட்டலங்கள் பைக்குள் உரசிச் சரசரத்தன. அவளுக்குக் கேட்டிருக்கும்.

கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, ஒரு நிமிஷத்துக்கு ஒரு கரண்டியாக, இரண்டு நாள் நானே கொடுத்தேன். பெற்றீசியாவைக்கூடத் தொடவிடவில்லை. பதின்மூன்றாம் தேதி காலை டோரீன் எழுந்து உட்கார்ந்து தின்னப் பாண் கேட்டாள். நான் அழுதேன். பெற்றீசியா பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வாங்க என்றாள். பார்க்கிறேன் என்றேன். இரண்டு பொட்டலம் மீதம் இருந்தது. அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பின்பக்கத்துத் தேயிலை வழியாக இறங்கி வந்துவிட்டேன். மீனம்மா வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டவணையை நான் நம்பவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எதையும் மறைக்கும் ஆளாக இருந்தால் டோரீனைக் கொப்பியில் எழுதாமலே விட்டிருப்பேன். எழுதியிருக்கிறேன், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மேக்கணக்கில் சேர்ப்பதா என்று நிறைய யோசித்தேன். அந்தக் குளிரில், அந்தப் பீலித் தண்ணீரைக் குடித்த பிள்ளைதான். ஆனாலும் லயத்துப் பிள்ளை இல்லையே. அதனால் உத்தியோகத்தர் பிள்ளைகள் என்று தனியாக ஒரு கோடு போட்டு எழுதினேன். மொத்தம் ஒரு பிள்ளை, சாவு இல்லை. அந்தப் பிரிவுக்கு மருந்து நன்றாகவே வேலை செய்கிறது.